போட்டியில் படுகாயம்: விழுந்த பிறகு முதல் அரைமணி நேரம் நம்ம கிரவுண்ட்ல என்ன நடக்குது?

கொட்டகலை_ஓப்பனர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மனசுல கிடக்குற விஷயம். நீளமா இருந்தாலும் வாசிங்க.

1999 செப்டெம்பர், கண்டி அஸ்கிரிய மைதானம், அவுஸ்திரேலியாவோட டெஸ்ட் மெட்ச். மஹேல ஜயவர்தன அடிச்ச பந்து லெக் பக்கமா மேல எழும்புது. ஸ்டீவ் வோ பின்னால ஓடுறார். பவுண்டரிப் பக்கமிருந்து ஜேசன் கிலெஸ்பி முன்னால ஓடி வர்றார். ரெண்டு பேர் கண்ணும் பந்து மேலதான். மோதின வேகத்துல வோவுக்கு மூக்கு உடைஞ்சுது, கிலெஸ்பிக்குக் கால் எலும்பு முறிஞ்சுது. ரெண்டு பேரையும் ஹெலிகொப்டர்ல கொழும்புக்குக் கொண்டு போனாங்க.

2016 ஏப்ரல், பல்லேகல. பயிற்சி மெட்ச் ஒன்னுல ஷோர்ட் லெக்ல, பேட்ஸ்மனுக்கு ரொம்பக் கிட்ட நின்ன கௌஷால் சில்வாவுக்குத் தலையின் பின்பக்கம் பந்து பட்டுச்சு. ஹெல்மட் போட்டுத்தான் நின்னார். அவரையும் ஹெலிகொப்டர்ல கொழும்புக்கு மாத்தினாங்க. அவருக்குச் செஞ்சது சரிதான், அப்படித்தான் செய்யணும்.

ரெண்டும் நம்ம மலையில நடந்தது. இதே மலையில ஞாயிற்றுக்கிழமை மெட்ச்ல நம்ம பையன் ஒருத்தன் விழுந்தா என்ன நடக்குது? நாலு பேர் ஓடுவாங்க. ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைப்பார். ஒருத்தர் மூஞ்சியில தண்ணி அடிப்பார். இன்னொருத்தர் சோடா குடுப்பார். அப்புறம் தோள்ல தூக்கிப் போட்டு, கொழுந்து லொறி இருந்தா அதுல, இல்லாட்டி த்ரீவீல்ல மடக்கி உக்கார வெச்சு, மேடு பள்ளத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் செய்யிறாங்க. ஆனா கழுத்து எலும்பு உடைஞ்ச பையனுக்கு அந்த நல்ல மனசே எமனாகிடும்.

காயமே வராம விளையாட முடியாது. விழுந்ததுக்குப் பிறகு நம்ம கையால கூடுற சேதத்தை நிறுத்தலாம். எங்க டோர்னமெண்ட் கமிட்டியில இதைப் பேசணும்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவங்க, பிடி சேர்மார், பழைய விளையாட்டு வீரர்கள் எல்லாரும் எழுதுங்க.

அஸ்கிரிய_மூலை

தம்பி, நல்ல இழை. அந்த அஸ்கிரிய மெட்ச் பத்தி ஒரு வார்த்தை. பந்து போட்டவர் கொலின் மில்லர். அந்த டெஸ்ட்ல நாம 6 விக்கெட்டால ஜெயிச்சோம், அவுஸ்திரேலியாவுக்கு எதிரா நம்ம முதல் டெஸ்ட் வெற்றி அதுதான். வெற்றியைப் பத்தி ஊரே பேசுச்சு. எனக்கு இன்னைக்கும் அந்த மோதல்தான் முன்னுக்கு வருது. உலகத்துலேயே முதல்தர அணி அது. அப்பேர்ப்பட்ட ரெண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கிட்டாங்கன்னா, நம்ம பசங்க எம்மாத்திரம்?

நம்ம தோட்டத்து கிரவுண்டுகளை யோசிங்க. பாதி கிரவுண்டுக்கு பவுண்டரியே கான்தான், தண்ணி ஓடுற வாய்க்கால். அதுக்கு அங்கால முள்ளுக்கம்பி, அதுக்குக் கீழ தேயிலை. மேல பாத்துக்கிட்டே பின்னால ஓடுறவனுக்கு எது எங்க முடியுதுன்னு தெரியாது. இதுக்குக் காசே வேணாம். பந்து யாருக்குன்னு கெப்டனோ கீப்பரோ பேர் சொல்லிக் கத்தணும், மத்தவன் நிக்கணும். பயிற்சியில இதைப் பழக்கினாலே பாதி மோதல் குறையும். மெட்சுக்கு முதல் நாள் கானுக்கு ஒரு பாகம் (ரெண்டு கையும் விரிச்ச நீளம்) உள்ளுக்கு சுண்ணாம்புக் கோடு போட்டு அதையே பவுண்டரியா வைங்க.

இன்னொன்னு. 1975 உலகக் கிண்ணத்துல ஓவல் மைதானத்துல ஜெஃப் தொம்சன் போட்ட பந்துல துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் அடிபட்டு, ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அப்போ ஹெல்மட் கிடையாது. மெண்டிஸுக்குத் தலையில பட்டுச்சு. எங்க காலத்துல அதை வீரமாத்தான் பேசுவோம். இப்ப பேரப்பிள்ளைகள் லெதர் போல் எடுக்குற காலத்துல அதை நினைச்சா வயித்தைக் கலக்குது.

நித்தவல_புரோப்

நான் ரக்பி ஆடினவன். முதல் வரிசையில நின்னவன். ஒரு விஷயம் வெளிப்படையா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அடிக்குப் பயந்தா ரக்பியும் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல. பிரட்பி ஷீல்ட் மாதிரி ஒரு மெட்ச்ல தலையில ஒரு அடி பட்டுச்சுன்னு வெளியில போய் உக்காந்தா, கூட ஆடுறவன் முகத்துல எப்படி முழிக்கிறது? நாங்க ஆடுன காலத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வந்தும் முடியிற வரைக்கும் ஆடியிருக்கோம். மலையகத்துப் பசங்களுக்கு ரக்பி பக்கம் கதவு திறக்கிறதே அபூர்வம். இப்ப இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தினா, பெத்தவங்க இருக்குற கதவையும் சாத்திடுவாங்க.

தூக்குற விதம் பத்தி ஓப்பனர் சொன்னது மட்டும் சரி. கழுத்து விஷயத்துல விளையாடக் கூடாது.

வாட்_நர்ஸ்

புரோப் அண்ணே, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா நீங்க எழுதினதை ஒரு பதினாறு வயசுப் பையன் வாசிப்பான், அதனால பதில் சொல்லாம இருக்க முடியல. சத்திரசிகிச்சை வாட்ல வேலை செய்யிறேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னா மூளை ஆட்டம் கண்டிருக்குன்னு அர்த்தம். கன்கஷன்னு சொல்றது அதைத்தான். மயங்கி விழுந்தாத்தான் கன்கஷன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. மயங்காமலும் வரும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். ஸ்கோர் என்னன்னு தெரியாம முழிப்பான், தள்ளாடுவான், வாந்தி எடுப்பான். ஸ்கேன்ல ஒன்னுமே தெரியாமலும் போகலாம். அந்த நிலையில இருக்குற மூளை ஆறுறதுக்கு முந்தி இன்னொரு அடி வாங்கினா, அது சின்ன அடியா இருந்தாலும், சில பிள்ளைகளுக்கு மூளை கிடுகிடுன்னு வீங்கிடும். அபூர்வம்தான், ஆனா வந்தா நிமிஷக் கணக்குல உயிர் போகும். 2011 ல வட அயர்லாந்துல பாடசாலை ரக்பி மெட்ச் ஒன்னுல ஒரு 14 வயசுப் பையன் அப்படித்தான் இறந்தான். தலையில அடிபட்டும் தொடர்ந்து ஆடியிருந்தான். அதனாலதான் இன்னைக்கு விதி ஒரே வரியில இருக்கு: கன்கஷன்னு சந்தேகம் வந்தாலே வெளியில, அன்னைக்கு மறுபடி உள்ளுக்குக் கிடையாது.

திரும்பி வர்றதும் படிப்படியாத்தான். முதல் ஒன்னு ரெண்டு நாள் ஓய்வு, மெதுவா நடக்கலாம். அப்புறம் லேசான ஓட்டம், அப்புறம் மோதல் இல்லாத பயிற்சின்னு ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணித்தியாலம். தலைவலி கூடினா ஒரு படி கீழ இறங்கணும். மோதல் உள்ள பயிற்சிக்குப் போக முந்தி டொக்டர் பாக்கணும்.

இன்னொரு வகை இருக்கு, எனக்கு ரொம்பப் பயம் அதுதான். அடிபட்டவன் எழும்பி நல்லாப் பேசுவான், டீ குடிப்பான், வீட்டுக்குப் போய்ப் படுப்பான். மண்டை ஓட்டுக்கு உள்ள இரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சில மணித்தியாலத்துல தூக்கக் கலக்கம், வாந்தி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, ஒரு கண்ணுப் பாப்பா பெருசாகிடும். லயத்துல எல்லாரும் ‘அலுப்புல தூங்குறான், எழுப்பாதீங்க’ம்பாங்க. தலையில பலமா அடிபட்டவனை அன்னைக்கு ராத்திரி தனியா விடக்கூடாது. மேல சொன்னதுல ஒன்னு தெரிஞ்சாலும் காலை வரைக்கும் காத்திருக்காம கிளம்பணும். மூளையில கசிவுன்னா நம்ம பக்கத்துல இருந்து பெரும்பாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவாங்க, வழியிலேயே எவ்வளவு நேரம் போகும்னு உங்களுக்கே தெரியும். குடிக்கக் குடுக்காதீங்க. வலிக்கு அஸ்பிரின், இபுபுரூஃபன் வேணாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

கழுத்து விஷயம் சுருக்கமா. விழுந்தவனுக்கு நினைவில்லன்னாலோ, கழுத்து வலின்னு சொன்னாலோ, கை கால் விறைக்குதுன்னு சொன்னாலோ, தூக்காதீங்க, உக்கார வைக்காதீங்க. ஒருத்தர் தலைமாட்டுல முழங்கால் போட்டு, ரெண்டு கையாலயும் தலையை அசையாமப் பிடிக்கணும். மூச்சு வருதான்னு பாக்கணும். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லன்னா ஹெல்மட்டைக் கழட்ட வேணாம். வாந்தி எடுத்தா நாலு பேர் சேர்ந்து, தலைமாட்டுல இருக்குறவர் சொல்ற சொல்லுக்கு, தலை கழுத்து உடம்பு எல்லாத்தையும் ஒரே நேர்கோட்டுல பக்கவாட்டுக்குத் திருப்பணும். மூச்சே இல்லன்னா கழுத்தைப் பத்தி யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, மூச்சுதான் முதல்.

நித்தவல_புரோப்

தங்கச்சி எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். அன்னைக்கே மறுபடி ஆடக் கூடாதுங்கிறதுல உங்க பக்கம் நிக்கிறேன். ஆனா ரக்பியே ஆபத்துன்னு யாரும் முடிவு கட்ட வேணாம், விளையாட்டும் மாறிக்கிட்டேதான் வருது. ஸ்க்ரம்னா ரெண்டு டீமோட முன் வரிசைகளும் பூட்டிக்கிட்டுத் தள்ளுறது. 2013 ல அந்த ஸ்க்ரம் கூப்பிடுற முறையையே மாத்தினாங்க. இப்ப ‘குரௌச், பைண்ட், செட்’. முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, அப்புறந்தான் தள்ளணும். முன்னால மாதிரி தூரத்துல இருந்து மண்டையோட மண்டை மோதுறது இல்ல. முதல் வரிசைக் கழுத்தைக் காப்பாத்தத்தான் அது. பழகாத பையனை ஆள் குறையுதுன்னு முதல் வரிசையில நிறுத்துறதுதான் நம்ம ஊர்ல நடக்குற பெரிய தப்பு. அதுக்கு எதிரா நானும் கத்துவேன்.

தலையில போடுற ஸ்க்ரம் கெப்பும் கன்கஷனைத் தடுக்காது. காது கிழியாம, தோல் வெட்டாம பாத்துக்கும், அவ்வளவுதான். கெப் போட்டுட்டோம்னு தலையைக் குடுத்து டெக்கிள் பண்ற பசங்களைப் பாத்திருக்கேன்.

பதுளை_பிடிசேர்

பையன்களுக்கு வீரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்குற நெருக்கடியை யாரும் சொல்லல. கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம்னு ஏறிப்போற ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த சேர்ட்டிபிகேட் ஒரு வாழ்க்கை. தேசிய மட்டத்துக்குப் போனா பேர் பத்திரிகையில வரும், வேலைக்கு உதவும். அந்தப் பிள்ளை காலைச் சுளுக்கிக்கிட்டாலும் தலையில அடிபட்டாலும் என்கிட்ட மறைக்கும். அப்பா அம்மா ஒரு நாள் பேரை, அதாவது அன்னைக்குச் சம்பளத்தை விட்டுட்டு மெட்ச் பாக்க வந்திருப்பாங்க. அதனால ஆடலாமா வேணாமாங்கிற முடிவை அந்தப் பிள்ளைகிட்ட விடவே கூடாது. பெரியவங்கதான் எடுக்கணும்.

2019 ஓகஸ்டில லோர்ட்ஸ்ல ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஆர்ச்சரோட பந்து கழுத்துல பட்டது ஞாபகம் இருக்கா? டொக்டர் பாத்தார், பரிசோதனையில எல்லாம் சரின்னு வந்து, மறுபடி வந்து பேட் பண்ணி 92 ல ஆட்டமிழந்தார். அடுத்த நாள் காலையிலதான் அறிகுறி தெரிஞ்சு, கன்கஷன்னு ஒதுக்கி, லபுஷேனை மாற்று வீரரா இறக்கினாங்க. அந்த மாற்று வீரர் விதி அந்த மாசம் முதலாம் திகதிதான் அமுலுக்கு வந்திருந்தது. பக்கத்துலேயே டொக்டர் நிக்கிற இடத்துலயே அறிகுறி பிந்தித்தான் வருதுன்னா, விசிலும் கையுமா நிக்கிற நான் ஒரு நிமிஷத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது? சந்தேகம்னா வெளியில. வேற வழி இல்ல.

நம்ம டோர்னமெண்ட்லயும் இந்த விதியைக் கொண்டு வரலாம். தலையில அடிபட்டவனுக்குப் பதிலா இன்னொருத்தன் பேட் பண்ணலாம், போல் பண்ணலாம்னு சொல்லிட்டா, டீமுக்கு நட்டம் இல்ல. பையனும் மறைக்க மாட்டான்.

வொலிபோல்_மேகலா

எல்லாரும் பையன், பையன்னே எழுதுறீங்க. பிள்ளைகளும் விளையாடுறோம்.

முழங்கால் பத்தி எழுத வந்தேன். யாரும் மோதல, யாரும் தள்ளல. எழும்பி ஸ்மாஷ் அடிச்சிட்டு இறங்குறப்ப முழங்கால் உள்ளுக்கு மடங்கும், டக்குன்னு ஒரு சத்தம், சில மணித்தியாலத்துல கால் பொம்முன்னு வீங்கிடும். முன் சிலுவைத் தசைநார், ஏசிஎல்னு சொல்றாங்க. ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களை விடப் பெண்களுக்கு இது ரெண்டு மடங்குக்கு மேல அறுபடுது. 2023 பெண்கள் ஃபுட்போல் உலகக் கிண்ணத்துக்கு இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியானா மீடமா மூணு பேருமே இதனாலதான் போக முடியாமப் போச்சு. மூணு பேரும் அப்ப ஆர்சனல் கிளப்ல ஆடினவங்க.

அவங்களுக்கு ஒப்பரேஷன், பிசியோ எல்லாம் இருக்கு. எங்களுக்கு? வீட்ல சொன்னா ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை’ன்னு விளையாட்டையே நிப்பாட்டிடுவாங்க. அதனால சொல்றதில்ல. வீக்கம் வத்தினதும் மறுபடி இறங்குறோம். நார் அறுந்த முழங்கால்ல ஆடினா உள்ள இருக்குற குருத்தெலும்பும் தேஞ்சு போகும், முப்பது வயசுல மலையில ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது. இது விளையாட்டோட முடியிற காயம் இல்ல, சம்பளத்துல வந்து நிக்கும். பெத்தவங்களுக்கு இதை யாராவது சொல்லணும்.

ஒப்பரேஷன் செஞ்சாலும் ஒன்பது மாசத்துக்கு முந்தி மெட்ச்ல இறங்கினா மறுபடி அறுந்து போற ஆபத்து கூட. தடுக்க ஒரு வழி இருக்கு, காசும் வேணாம். ஃபீஃபா 11+ னு ஒரு உடற்பயிற்சி வரிசை. சுமார் 20 நிமிஷம். ஓட்டம், ஒத்தைக் கால்ல நிக்கிறது, குந்தி எழும்புறது, குதிச்சு முழங்கால் நேரா இருக்கும்படி மெதுவா இறங்குறது. பாடசாலை டீமுக்கு வாரம் ரெண்டு மூணு தடவை செஞ்சா போதும். பிடிசேர், உங்க பிள்ளைகளுக்குச் செய்ய வைங்க சேர்.

பதுளை_பிடிசேர்

செய்யிறேன் மகள். வர்ற தவணையிலிருந்தே. சீமெந்துத் தரையில குதிக்க விடுறதையும் குறைக்கணும்.

மஸ்கெலியா_அப்பா

என் மகனுக்குக் கால் உடைஞ்சப்ப நடந்ததை எழுதுறேன். ஃபுட்போல் மெட்ச். முழங்காலுக்குக் கீழ எலும்பு. ஊர்ல எல்லாரும் எலும்பு முறிவு வைத்தியர்கிட்டத்தான் கொண்டு போகச் சொன்னாங்க, நாங்களும் கொண்டு போனோம். பத்து போட்டு மூங்கில் சிம்பு வெச்சு இறுக்கிக் கட்டினார். ராத்திரி முழுக்கப் பையன் கத்தினான். வலி இருக்கத்தான் செய்யும்னு சொன்னாங்க. காலையில பாதம் வெளிறிப் போயிருந்துச்சு, தொட்டா உணர்ச்சி இல்ல. ஆஸ்பத்திரியில கட்டைப் பிரிச்சு உடனே ஒப்பரேஷனுக்குக் கொண்டு போனாங்க. கால் இருக்கு, ஆனா பாதத்தை மேல தூக்க மாட்டான். நல்லா ஓடுவான் என் புள்ள.

யாரையும் குத்தம் சொல்ல எழுதல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லிக் குடுங்க.

லிந்துலை_பெரியவர்

அப்பாவுக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னே தெரியல. ஆனாலும் நாட்டு வைத்தியத்தை ஒட்டு மொத்தமா ஒதுக்காதீங்க. தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்துக் கலவையும் பஞ்சும் மட்டும் இருந்த காலத்துல எங்க கை கால்களைச் சேர்த்து வெச்சவங்க அவங்கதான். என் மணிக்கட்டு அப்படிக் கூடினதுதான். கைராசிக்காரங்க இன்னைக்கும் இருக்காங்க.

வாட்_நர்ஸ்

ஐயா, சண்டை போட வரல. சுளுக்குக்கும் சின்ன வெடிப்புக்கும் நீங்க யார்கிட்டயும் போகலாம். ஆனா முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில காசு இல்ல. எலும்பு வெளியில தெரிஞ்சா, கால் வளைஞ்சு இருந்தா, மூட்டு விலகி இருந்தா, விரல் குளிர்ந்து போனா, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான். அதுல பேச்சே இல்ல.

மஸ்கெலியா அண்ணே, உங்க மகனுக்கு நடந்தது இதுதான்: முழங்காலுக்குக் கீழ தசைகள் இறுக்கமான உறைகளுக்குள்ள இருக்கு. எலும்பு முறிஞ்சா உள்ள வீங்கும். வெளியில இறுக்கிக் கட்டினா வீக்கத்துக்குப் போக இடம் இல்லாம நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் நசுக்கிடும். சில மணித்தியாலத்துக்குள்ள திறந்து விடணும். ஆஸ்பத்திரியில போட்ட பிளாஸ்டருக்குள்ளயும் இது வரலாம், அதனால எங்க கட்டினாலும் ஒரே சட்டம்: வலி நேரத்தோட கூடிக்கிட்டே போனா, விரலை மடக்கி நீட்டுறப்ப உயிர் போற மாதிரி வலிச்சா, விறைச்சா, விரல் வெளிறினா, அந்த நிமிஷமே போகணும். பாதத்தைத் தூக்க முடியாததுக்குத் தாங்கு பட்டி இருக்கு, பிசியோ இருக்கு, நரம்பு நிலையைப் பாத்து வேற சிகிச்சையும் சொல்லலாம். கண்டியில எலும்பு முறிவு கிளினிக்குக்கு டொக்டர்கிட்ட ஒரு துண்டுக் கடிதம் வாங்கிப் போங்க. தனியா செய்தி அனுப்புங்க, என்னென்ன கடுதாசி கொண்டு போகணும்னு சொல்றேன்.

காயத்துல கோப்பித் தூள் போடுறது, தேயிலைத் தூள் போடுறதை விட்டுடுங்க எல்லாரும். சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சாப் போதும்.

தியத்தலாவ_பஸ்

விளையாடுறவங்க பத்தி மட்டும் பேசுறோம். 2024 ஏப்ரல் 21 ஐ மறக்க முடியுமா? தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ், மோட்டார் ரேஸ். புதுவருஷ லீவு, ஊரே திரண்டு நின்னுச்சு. ரேஸ் கார் ஒன்னு பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள்ள வந்துச்சு. 7 உயிர். அதுல 8 வயசுப் பிள்ளை ஒன்னு. பாதையில உதவிக்கு நின்னவங்களும் அதுல இருந்தாங்க.

அதுக்கு முந்தி ஒரு கார் கவிழ்ந்து, மத்தக் கார்களுக்கு எச்சரிக்கை காட்டிக்கிட்டிருந்த நேரம் அது. கவிழ்ந்ததை எட்டிப் பாக்கச் சனம் இன்னும் கிட்டப் போனதை வீடியோவுல எல்லாரும் பாத்திருப்பீங்க. ஒருத்தன் விழுந்தா சுத்தி நெருக்குற பழக்கம் நமக்கு எல்லா விளையாட்டுலயும் இருக்கு. நுவரெலியாவுல ஏப்ரல்ல நடக்குற மோட்டார் ரேசுக்குப் போறவங்க, பிள்ளைகளை வளைவுகளோட வெளிப்பக்கம் நிறுத்தாதீங்க. வண்டி கட்டுப்பாட்டை இழந்தா அந்தப் பக்கந்தான் வரும்.

அஸ்கிரிய_மூலை

அன்னைக்குப் பிள்ளையைப் பறிகுடுத்தவங்களை நினைச்சா இன்னைக்கும் நெஞ்சு அடைக்குது.

நுவரெலியா_10கே

அடியே படாம விழுறவங்களைப் பத்தி ஒருத்தரும் எழுதல. நான் தூர ஓட்டக்காரன், அதனால இது எனக்கு நெருக்கமான பயம்.

2021 ஜூன் 12, கோப்பன்ஹேகன். டென்மார்க், பின்லாந்து மெட்ச். கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலே புல்லுல சரிஞ்சார். இதயம் நின்னுடுச்சு. கெப்டன் சைமன் கியர் உடனே ஓடிப்போய் பக்கத்துல நின்னார், மத்த வீரர்களை வளையமா நிறுத்தி மறைச்சார். மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி குடுத்து, மைதானத்துலேயே உயிரை மீட்டாங்க. அடுத்த வருஷம் நெஞ்சுக்குள்ள கருவியோட மறுபடி ஆட வந்தார். 2012 ல போல்டன் அணியோட ஃபப்ரிஸ் முவாம்பாவுக்கு இதயம் 78 நிமிஷம் நின்னு, அவரும் பிழைச்சார். ஆனா 2003 ல லியோனில் கெமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்துல சரிஞ்சார், 28 வயசு, காப்பாத்த முடியல.

நம்ம நாட்டுல 2024 மார்ச்சுல திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டம் ஓடின 16 வயசு மாணவன் இறந்துட்டான். நம்ம பாடசாலைகள்லயும் வருஷா வருஷம் மரதன் ஓடுறாங்க. ஒரு மாசமாவது பழக்காம, காலையில சாப்பிடாம வந்த பிள்ளையை அப்படியே மேட்டுல ஓட விடுறோம். ஓடுறப்ப மயக்கம் வந்த பிள்ளை, நெஞ்சு வலின்னு சொன்ன பிள்ளை, குடும்பத்துல இளவயசுல திடீர்னு இறந்தவங்க இருக்குற பிள்ளை, இவங்களை ஈசிஜி எடுத்துப் பாக்காம ஓட விடக்கூடாது. பாதையில ஒவ்வொரு வளைவிலயும் நெஞ்சை அழுத்தத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்.

வாட்_நர்ஸ்

சொல்றேன், எல்லாரும் எழுதி வைங்க. கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு இல்ல, இல்லாட்டி மூச்சுத் திணறி வாயைத் திறந்து திறந்து மூடுறான். அந்தத் திணறலை மூச்சுன்னு நினைக்காதீங்க. ஒருத்தர் 1990 அம்பியூலன்ஸ் நம்பருக்கு எடுக்கணும். ஒருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒன்னு மேல ஒன்னு வெச்சு, முழங்கை மடங்காம, 5 லிருந்து 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 லிருந்து 120 தடவை அழுத்தணும். களைச்சா ஆள் மாறணும், நிப்பாட்டக் கூடாது. மின் அதிர்ச்சிக் கருவி வராம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூத்துக்கு 7 லிருந்து 10 வரைக்கும் குறையுது. அழுத்திக்கிட்டிருந்தா அந்தக் குறையிற வேகம் பாதியாகும். செஞ்சிலுவைச் சங்கமும் சென்ட் ஜோன் அம்பியூலன்ஸும் முதலுதவிப் பயிற்சி குடுக்குறாங்க, கமிட்டியா எழுதிக் கேளுங்க.

ஹட்டன்_த்ரீவீல்

நான் ஓட்டுறவன். என் பக்கத்தையும் கேளுங்க.

1990 நல்ல சேவை. 2016 ல மேல், தென் மாகாணத்துல ஆரம்பிச்சு 2018 க்குப் பிறகு நம்ம பக்கமும் வந்தது, காசில்லாம வர்றாங்க. பிரச்சினை இடம் சொல்றதுல. தோட்டத்துப் பேரை மட்டும் சொல்லிட்டு போனை வெப்பாங்க. அஞ்சு டிவிஷன் இருக்குற தோட்டத்துல அம்பியூலன்ஸ் எங்க போகும்? மேல் டிவிஷன் பாதையில அது ஏறவும் செய்யாது. அதனால மெட்சுக்கு முந்தியே முடிவு பண்ணுங்க: ஸ்டோர் முன்னாலயா, கோயில் சந்தியிலயா, எந்த இடத்துல சந்திக்கிறதுன்னு. அங்க ஒருத்தர் கொடி பிடிச்சு நிக்கணும். கிரவுண்ட்ல எந்த மூலையில போன் சிக்னல் எடுக்கும்னும் பாத்து வைங்க.

மழை, பனி நாள்ல ஹட்டன்ல இருந்து கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளைன்னு கண்டி போய்ச் சேர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல. டிக்கோயா ஆஸ்பத்திரி கிட்ட இருக்கு, 2017 ல திறந்தது, முதல்ல அங்க போங்க.

ஒன்னு கேக்கணும். வண்டி எதுவுமே வரலன்னா, முதுகுல அடிபட்டவனை த்ரீவீல்ல ஏத்தச் சொல்லி என்னை நெருக்குவாங்க. மடக்கித்தான் உக்கார வைக்க முடியும். நான் என்ன செய்யட்டும்?

வாட்_நர்ஸ்

ஏத்தாதீங்க அண்ணே. மழையில நனைஞ்சாலும் பரவாயில்ல, மேல ஒரு படங்கைப் பிடிச்சுக்கிட்டு, கம்பளி போத்தி, தலையைப் பிடிச்சுக்கிட்டே அம்பியூலன்ஸ் வரைக்கும் காத்திருக்கணும். வரவே வராதுன்னு உறுதியாத் தெரிஞ்சா, ஆள் நீளத்துக்கு அகலமான பலகையில ஒரே நேர்கோட்டுல திருப்பி வெச்சு, தலைக்கு ரெண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அண்டக் குடுத்து, உடம்போட கட்டி, கொழுந்து லொறி மாதிரித் தட்டையா படுக்க வைக்கிற வண்டியில மெதுவாப் போங்க. கை உடைஞ்சவன், கணுக்கால் சுளுக்கினவன் தாராளமா த்ரீவீல்ல வரலாம்.

கொட்டகலை_ஓப்பனர்

எல்லாத்தையும் கமிட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். முழுசா சம்மதம் கிடைக்கல. சிலர் பரிசுப் பணத்தைக் குறைக்க முடியாதுன்னாங்க. ஒத்துக்கிட்டது: பலகை ஒன்னு செய்யிறது, பட்டியோட. முதலுதவிப் பயிற்சிக்கு ஒவ்வொரு டீம்ல இருந்தும் ரெண்டு பேர். கானுக்கு உள்ளுக்குச் சுண்ணாம்புக் கோடு. தலையில அடிபட்டா மாற்று வீரர். அம்பியூலன்ஸ் சந்திக்கிற இடம் டொஸ்ஸுக்கு முந்தி ரெண்டு கெப்டனுக்கும் சொல்றது. விழுந்தவனைச் சுத்தி யாரும் நெருக்கக் கூடாதுன்னு ஒலிபெருக்கியில அறிவிக்கிறது. ஈசிஜி, காப்புறுதி விஷயம் எல்லாம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிட்டாங்க, நான் விடப் போறதில்ல.

‘எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா’ன்னு ஒருத்தர் கேட்டார். முரளியைச் சொன்னேன். 2004 ல தோள்ல ஒப்பரேஷன். மாசக்கணக்கா ஒதுங்கி இருந்து, ஆறின பிறகுதான் திரும்பினார். 2010 ல காலியில 800 ஆவது விக்கெட் வந்தது அதுக்கப்புறம். நம்ம மண்ணுல பிறந்தவரே அப்படிக் காத்திருந்தார்னு சொன்னதும் கேட்டவர் அதுக்கு மேல ஒன்னும் பேசல.

நித்தவல_புரோப்

பலகை செய்யிற செலவு என்னோடது. பயிற்சிக்கு ரக்பிப் பசங்க நாலு பேரையும் சேர்த்துக்குங்க, கூட்டிட்டு வர்றேன்.

அக்கரபத்தனை_கீப்பர்

அண்ணேமாரே, ஒரு சந்தேகம். எங்க ஸ்கூல் டீமுக்கு இருக்குறது ரெண்டு ஹெல்மட். மாறி மாறிப் போடுறோம். ஒன்னுல போன சீசன்ல பந்து பட்டு லேசா கோடு விழுந்திருக்கு. கம்பியும் கொஞ்சம் ஆடுது. அதைப் போட்டு ஆடலாமா?

பதுளை_பிடிசேர்

ஆடாதே தம்பி. பலமா அடி வாங்கின ஹெல்மட்டுக்குள்ள இருக்குற நுரை நசுங்கியிருக்கும், வெளியில நல்லா இருக்குற மாதிரித் தெரிஞ்சாலும் அடுத்த அடியைத் தாங்காது. கம்பி ஆடினா இடைவெளிக்குள்ள பந்து புகுந்து கண்ணுல படும். புதுசு வாங்குறப்ப உள்ளே பிஎஸ் 7928:2013 னு முத்திரை இருக்கான்னு பாரு. 2017 லிருந்து சர்வதேசப் போட்டியில ஹெல்மட் போடுறவங்களுக்கு அந்தத் தரம்தான் கட்டாயம்.

கழுத்துப் பாதுகாப்பும் கேட்டு வாங்குங்க. 2014 நவம்பர்ல சிட்னியில ஃபிலிப் ஹியூஸுக்குப் பந்து பட்டது ஹெல்மட்டுக்குக் கீழ, கழுத்துல. மூளைக்குப் போற இரத்தக் குழாய் கிழிஞ்சு ரெண்டு நாள்ல இறந்தார், 25 வயசு. 2023 ஒக்டோபர்லிருந்து அவுஸ்திரேலியாவுல வேகப் பந்துக்குக் கழுத்துப் பாதுகாப்பு இல்லாம பேட் பண்ண விடுறதில்ல. பழைய மாணவர் சங்கத்துக்கு அதிபர் மூலமா ஒரு கடிதம் குடுங்க, கிண்ணத்துக்குப் பதிலா இந்த வருஷம் ஹெல்மட் கேட்டு. கடிதத்தை எழுதித் தர்றேன், உன் சேர்கிட்ட என் நம்பரைக் குடு.

அக்கரபத்தனை_கீப்பர்

சரி சேர். நாளைக்கே சேர்கிட்ட சொல்றேன். அந்த ஹெல்மட்டை இன்னைக்கே பேக்ல இருந்து எடுத்துட்டேன்.